உண்டியலா, நுழைவுச்சீட்டா, டொலரா: எங்கள் மீட்பகத்துக்கு எந்தப் பணம்?

சென்ற மாதம் எங்கள் வாசிகசாலையில் கூடிய கூட்டம் இரவு ஒன்பதரை மணிவரை இழுத்தது. மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்தில், காயப்பட்ட காட்டு விலங்குகளுக்கு முதலில் கைகொடுக்கவும், தோட்டப் பிள்ளைகளுக்குக் காட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கவும் ஒரு மீட்பகம் அமைப்பது என்று ஏற்கனவே முடிவாகிவிட்டது. பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் மிச்சம். வந்தவர்கள் பதினான்கு பேர்; வந்த யோசனைகள் அதைவிட அதிகம். பொருளாளன் என்பதால் எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரசிப் பார்த்ததில், அன்று கூட்டத்தில் நான் பேசிய பேச்சே எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று நுழைவுச்சீட்டுக்குக் கை தூக்கியவன் நான். அடுத்த கூட்டத்துக்கு முன் ஏன் மாறினேன் என்பதை எழுத்தில் வைப்பதுதான் நியாயம்.

முதலில் நாம் எதைக் கட்டப்போகிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தேவாங்குக் குட்டியைப் பரிதாபப்பட்டுச் சாக்கில் போட்டு வீட்டில் வளர்த்தாலும் அது குற்றம்தான். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் யாரும் சிறுத்தையையோ மரையையோ அழுங்கையோ அடைத்துவைக்க முடியாது. மயக்க ஊசி போடுவது திணைக்களத்து மிருக வைத்தியர்களின் வேலை. நம் பக்கத்துக்கு அவர்கள் ரந்தெனிகலையிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வர வேண்டும். ஆகவே நமது மீட்பகம் என்பது அவர்கள் வரும்வரை விலங்கையும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் அமைதியாக வைத்திருக்கும் ஓர் இடம், ஒரு வண்டி, ஒரு நல்ல கூண்டு, பயிற்சி பெற்ற நான்கு பேர், பக்கத்தில் பிள்ளைகள் உட்கார ஒரு மண்டபம். இதற்கு மேல் கனவு கண்டால் சட்டமும் இடிக்கும், பணப்பையும் இடிக்கும்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 2020 மே மாதம் நமக்குக் காட்டியது. நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில், கழுத்தில் சுருக்குக் கம்பி இறுகிய நிலையில் ஒரு கருஞ்சிறுத்தை கிடைத்தது. உயிரோடு மீட்டு, மலையை விட்டு இறக்கி, தெற்கே உடவளவைவரை கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துபோனது. நாம் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிப் பணம் கேட்பதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்தக் கம்பி வைக்கப்படாமலே இருந்திருக்கலாம். இந்தக் கட்டுரை முழுவதும் நான் திரும்பித் திரும்பி வருவது அந்தக் கம்பிக்குத்தான்.

இனிக் கணக்கு. நாங்கள் போட்ட மதிப்பீட்டில் ஒரு முறைச் செலவு ஒரு கோடி ரூபாவுக்கு மேல். அதில் பாதிக்கு மேல் பழைய கெப் வண்டி ஒன்றுக்கே போய்விடுகிறது. இந்த நாட்டில் வண்டி விலை தெரிந்தவர்கள் வியக்க மாட்டார்கள். மாதச் செலவு சுமார் 2,40,000 ரூபா: இரண்டு பேருக்குச் சம்பளம் 1,20,000, எண்ணெயும் வண்டித் திருத்தமும் 50,000, மருந்தும் தீனியும் 30,000, வாடகை, மின்சாரம், தொலைபேசி 25,000, பாடசாலை வேலைக்கு 15,000. கூட்டத்தில் எல்லோரும் ஒரு கோடியைப் பார்த்துத்தான் மலைத்தார்கள். என்னைத் தூங்கவிடாதது மற்றத் தொகை. ஒரு கோடியை ஒரு முறை தேடினால் போதும். இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி வந்து கதவைத் தட்டும்.

நுழைவுச்சீட்டு யோசனையில் உள்ள கவர்ச்சி எளிதில் புரியும். எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் வருகிற வெளிநாட்டுப் பயணி ஒரு குட்டிச் சிறுத்தையைப் பார்க்க எவ்வளவும் கொடுப்பார். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வந்தால் என்ன ஆகும் என்று நானே கூட்டத்தில் பெருக்கிக் காட்டினேன். அப்போது நான் பெருக்காமல் விட்டது ஒன்று: ஐம்பது பேர் வர வேண்டுமானால் அங்கே தினமும் ஒரு விலங்கு இருக்க வேண்டும். குணமான விலங்கைத் திணைக்களம் காட்டுக்கு அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். அனுப்பிய மறுநாள் டிக்கெட் விற்காது. அப்போது "இன்னும் ஒரு வாரம் வைத்திருப்போமே" என்று முதலில் சொல்லப்போகிறவர் பொருளாளர், அதாவது நான். என்னை எனக்குத் தெரியும்.

இதற்கு நம் நாட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. பின்னவலை யானைகள் அனாதை இல்லம் 1975 இல் தாயை இழந்த சில குட்டிகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள், டிக்கெட் வந்தது, ஆற்றில் குளிப்பதைப் பார்க்கும் நேரம் வந்தது, 1984 இல் அங்கேயே குட்டி பிறந்தது. இன்று அது யானைகள் பிறந்து வளர்ந்து வாழும் இடமாகிவிட்டது. காட்டுக்குத் திரும்புவது அங்கே கதையில் இல்லை. உடவளவையில் 1995 இல் திணைக்களம் தொடங்கிய யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் வேறு மாதிரி. பால் கொடுக்கும் நேரத்தில் பார்வையாளர் தூரத்து மேடையில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. குட்டி வளர்ந்ததும் காட்டுக்குப் போகிறது. இதுவரை நூறுக்கு மேல் போயிருக்கின்றன. இரண்டிலும் டிக்கெட் உண்டு. இரண்டும் அரசுடையவைதான். ஆனால் உடவளவை குட்டியைக் காட்டுக்கு அனுப்புவதற்கென்றே நடக்கிறது, அதற்குப் பின்னால் அரசின் பணமும் நிற்கிறது. டிக்கெட் குறைந்தால் குட்டியை நிறுத்திவைக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. நமக்குப் பின்னால் நிற்பது வாசிகசாலையின் ஓட்டுக் கூரை.

இன்னொன்று: காயப்பட்ட சிறுத்தை ஆட்களைக் கண்டால் கூண்டுக் கம்பியில் மோதிப் பல்லை உடைத்துக்கொள்ளும். மரை பயத்திலேயே செத்துப்போகும். பார்வையாளர் என்பது வைத்தியத்துக்கு நேர் எதிர். உலக அளவில் சரணாலயங்களை மதிப்பிடுகிற அமைப்புகள் இனப்பெருக்கம் கூடாது, விற்பனை கூடாது, பொதுமக்கள் தொடக்கூடாது என்று விதி வைத்திருப்பது சும்மா அல்ல. ஹோட்டன் சமவெளி நுழைவாயிலில் பயணிகளின் கையைப் பார்த்து நிற்கிற மரையைக் கண்டவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. நுழைவுச்சீட்டுக்குத் தூக்கிய கையை இறக்கிக்கொள்கிறேன்.

டொலர் பக்கம் வருவோம். இளைஞர்கள் இரண்டு பேர் இணையத்தில் நிதி திரட்டலாம் என்று சொன்னார்கள். நல்ல யோசனைதான், ஆனால் குழாயை எங்கே பொருத்துவது? கோஃபண்ட்மியில் பணத்தைப் பெறும் வங்கிக் கணக்கு இருக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பேபால் வழியாக இங்கே பணம் பெற முடியாத நிலை ஆண்டுக் கணக்காக நீடித்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு உறவினர் பெயரில் திரட்டி அனுப்பலாம் என்பார்கள். அந்த உறவினர் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும், பணம் ஒரு தனியாளின் கணக்கில் கிடக்கும் நாட்களில் ஊரில் கிளம்பும் கதைகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. குளோபல்கிவிங் போன்ற தளம் பதிவுள்ள அமைப்புகளை நேரடியாகச் சேர்க்கிறது. ஆனால் நுழைவதற்கே ஒரு பரீட்சை: குறிப்பிட்ட சில வாரங்களுக்குள் குறைந்தது 40 பேரிடமிருந்து 5,000 டொலர் திரட்டிக் காட்ட வேண்டும். அந்த நாற்பது பேர் யார்?

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், "உங்கள் ஆட்களும் கனடாவில் இருப்பார்களே" என்றார். இல்லை ஐயா, அவ்வளவாக இல்லை. எங்கள் வெளிநாடு வேறு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிய எங்கள் உறவுகள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அங்கேயும் தேயிலைதான் கிள்ளுகிறார்கள். அடுத்த தலைமுறை கொழும்பில் கடைகளிலும், வளைகுடா நாடுகளில் வீடுகளிலும் கட்டடங்களிலும் இருக்கிறது. ஆயிரம் டொலர் ஒரே தடவையில் அனுப்பக்கூடியவர்கள் இவர்களில் குறைவு. மாதம் ஐந்நூறு ரூபா அனுப்பக்கூடியவர்கள் ஏராளம். நிதி திரட்டல் பற்றிய அறிவுரைகள் எல்லாம் முதல் வகை ஆட்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நமக்குப் பொருந்தாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சர்வதேச மானியங்களின் கதை வேறு. உலக சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் இலங்கையில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக நடக்கிறது. கிராமச் சங்கங்களைப் போன்ற சிறிய அமைப்புகளுக்கென்றே உள்ளது. ஒரு திட்டத்துக்கு 50,000 டொலர் வரை என்பது அதன் பழகிய உச்சம். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் ஒன்றரைக் கோடி. நமது ஒரு கோடிக் கவலை அங்கே முடிந்துவிடலாம். ஓர் இனத்தின் பாதுகாப்புக்கென்று 25,000 டொலர் வரை தருகிற முகமது பின் ஸாயித் நிதியமும் இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும் என்றே சொல்வேன், ஆனால் மூன்று விடயங்களைத் தெரிந்துகொண்டு. இயற்கைப் பாதுகாப்புக்குப் பணம் தருகிறவர்கள் தனி ஒரு விலங்கின் வைத்தியச் செலவைவிட ஓர் இனத்தின் நிலையையும் ஒரு வாழிடத்தையும்தான் பார்ப்பார்கள். ஆகவே விண்ணப்பத்தில் கம்பி அகற்றுதலும் கல்வியும் முன்னே நிற்க வேண்டும், கூண்டு பின்னே. பதிவு இல்லாமல் எவரும் பேசமாட்டார்கள். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ அமைப்புகள் சட்டத்தின் கீழோ, குறைந்தபட்சம் பிரதேச செயலகத்திலோ பெயர் இருக்க வேண்டும், கணக்காய்வு இருக்க வேண்டும். கடைசியாக, "உங்கள் பங்கு எவ்வளவு" என்று கேட்பார்கள். காசாகவோ உழைப்பாகவோ ஊர் என்ன போட்டிருக்கிறது என்று காட்டாத விண்ணப்பம் பலமிழந்துவிடும்.

மானியத்தில் எனக்குள்ள பயம் அது முடிகிற நாளைப் பற்றியது. இரண்டு ஆண்டு மானியத்தில் இரண்டு பையன்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கிவிட்டு, இருபத்தைந்தாவது மாதத்தில் அவர்களைப் பார்த்து என்ன சொல்வது? 2022 ஐயும் நினைத்துப் பாருங்கள். இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்று அறுபதுக்குப் போனது. டொலரில் வாங்கியவருக்கு அது லாபம், ரூபாவில் கணக்குப் போட்டவருக்கு இடி. இரண்டுமே நம் கையில் இல்லாத காரியம். மானியப் பணத்தால் சுவர் எழுப்பலாம், வண்டி வாங்கலாம், கூண்டு செய்யலாம். அதிலிருந்து ஒரு வேளைத் தீனிகூட வாங்கக்கூடாது என்று நமது யாப்பிலேயே எழுதிவைக்க வேண்டும்.

கம்பனிகளைப் பற்றி நீட்ட மாட்டேன், ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். முன்பு பாடசாலைச் சூழல் கழகத்துக்காக நான் அலைந்தபோது ஒரு நிறுவனம் உதவ முன்வந்தது. கதவளவு அட்டையில் காசோலை செய்து, படப்பிடிப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உண்மையான காசோலை வர ஐந்து மாதம் எடுத்தது; வந்த தொகையில் பாதி அவர்கள் பெயர் எழுதிய பலகைக்குப் போனது. போகட்டும். பிறகு பிள்ளைகள் வரைந்த சுவரொட்டியில் தேயிலை மலைக்குள் கம்பி வைத்திருப்பதாக ஒரு படம் இருந்தது. அதை எடுத்துவிடலாமே என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதையைத்தான் நான் மறக்கவில்லை.

என்றாலும் கதவை மூடிவிட வேண்டாம். 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனதிலிருந்து, சிறுத்தை நடமாடும் தேயிலையும் அதை ஒட்டிய காட்டுத் துண்டுகளும் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பில்தான் கிடக்கின்றன. பச்சைத் தவளை முத்திரையான ரெயின்ஃபொரஸ்ட் எலயன்ஸ் சான்றிதழ் வைத்திருக்கும் தோட்டங்கள் வேட்டையைத் தடுக்கவும் விலங்குகளைக் காக்கவும் கடமைப்பட்டவை. அவர்களுக்கு இது தேவை, நமக்கு இது தெரியும். அப்படியானால் நன்கொடை என்று கையேந்தாமல் வேலைக்குக் கூலி என்று பேசலாம்: மாதம் இரண்டு முறை மலைகளைச் சுற்றிக் கம்பி பொறுக்குவோம், தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் அரை மணி நேரம் பேசுவோம், அதற்கு இவ்வளவு. விலைப்பட்டியல் கொடுத்து வாங்கும் பணத்தில் சுவரொட்டியை எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

இசை நிகழ்ச்சி, லொத்தர் சீட்டு, கிரிக்கெட் சுற்றுப்போட்டி: ஒரு பந்தி போதும். அட்டனில் நாங்கள் நடத்திய இசை நிகழ்ச்சியில் மண்டப வாடகை, ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், பாடகர்களின் கொத்து ரொட்டி எல்லாம் போய்க் கையில் நின்றது பதினோராயிரத்துச் சொச்சம். அதற்கு இருபது பேர் இரண்டு மாதம் அலைந்தோம்; மழை வேறு. லொத்தருக்கு அனுமதி எடுக்க வேண்டும், பரிசுக்கு முதல் போட வேண்டும், பரிசு பொருளாளரின் மைத்துனனுக்கு விழுந்தால் ஊரை விட்டே போக வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள், ஓகஸ்ட் முதலாம் திகதி இலங்கைச் சிறுத்தை தினத்தில், பிள்ளைகளைக் கொண்டு ஒரு விழா நடத்தலாம். அதை நிதி என்று எண்ணாமல் நட்பு என்று எண்ணினால் நட்டம் வராது.

மிஞ்சுவது மாதச் சந்தா, குடும்பத்துக்கு நூறு ரூபா. கூட்டத்தில் இதைச் சொன்னவர் முன்பு கொழுந்து பறிக்க மலைக்குப் போய் இப்போது ஓய்வில் இருக்கும் ஒரு அம்மா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்புக்குக் காரணம் உண்டு. 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று ஆவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மலைச் சரிவுகள் நம் பக்கத்து வீடுகளை மண்ணோடு மண்ணாக்கின. சொந்தமாக ஏழு பேர்ச் காணி இல்லாத குடும்பத்திடம் போய் மரைக்குச் சோறு போடக் காசு தா என்று கேட்க எந்த முகத்தோடு போவது? இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தாண்டிப் போகவில்லை. பல நாள் அதிலேயே நின்றேன்.

ஆனால் நம் ஆட்கள் சந்தாவுக்குப் புதியவர்கள் அல்ல. மரண உதவிச் சங்கத்துக்குக் கொடுக்கிறார்கள். கோயில் வரி கொடுக்கிறார்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு எத்தனை நெருக்கடியிலும் பங்கு விழுகிறது. கூட்டுப் பணத்தில் காரியம் நடத்தும் பழக்கம் தோட்டத்து வரிசை வீடுகளான இந்த லயங்களுக்கு நூறு ஆண்டுக்கு மேல் பழசு. அதில் ஒரு விதி மாறாதது: கொடுப்பவருக்கு அது திரும்பி வர வேண்டும், சாவிலாவது சாமியிலாவது. விலங்குக்குக் கொடுத்தால் என்ன திரும்பி வரும் என்று அந்த அம்மாவே கேட்டார்: "பன்றி வந்து கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போனால் உங்கள் சங்கம் வருமா, மாஸ்டர்?"

அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும்: வர வேண்டும். கம்பி யார் வைக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியாத இரகசியமல்ல. லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட்டு, பன்றியிடம் அதை இழந்தவர்களில் சிலர் வைக்கிறார்கள். இறைச்சிக்காக வைப்பவர்களும் உண்டு. மோட்டார் சைக்கிளின் பழைய பிரேக் கம்பி ஒன்று போதும். பன்றிக்கு வைத்தது சிறுத்தையின் இடுப்பிலும் கேளையாட்டின் காலிலும் விழுகிறது. விழுந்த பின் வைத்தவர் வாய் திறக்கமாட்டார், ஏனென்றால் பொலிஸ் வரும். பக்கத்து வீட்டுக்காரரும் திறக்கமாட்டார், ஏனென்றால் நாளைக்கும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இப்படியே ஒரு பகல், ஓர் இரவு போய்விடும். கம்பி இறுக இறுக, வெளியே தெரியாத காயம் உள்ளே பரவுகிறது. விலங்கைக் கொல்வது பல வேளைகளில் இந்தத் தாமதம்தான்.

ஆகவே சந்தாவின் முதல் ஆறு மாதத்தை விலங்குக்குச் செலவழிக்க வேண்டாம். பன்றி அதிகம் வரும் பாத்திகளுக்குத் தகர வேலி அடிப்போம். சந்தா கட்டியவர்களுக்கு முதலில். அந்த அம்மாவின் கிழங்குப் பாத்தியிலிருந்தே தொடங்குவோம். வேலி உள்ள வீட்டுக்காரருக்குக் கம்பி தேவையில்லை. கம்பியைக் கண்டால் சொல்லவும் தயங்கமாட்டார், காரணம் இது அவருடைய சங்கம். டிக்கெட்டோ டொலரோ கம்பனியோ நமக்குக் கொண்டுவர முடியாத ஒன்றை இந்த நூறு ரூபா கொண்டுவரும்: விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஆறு கோடி ரூபாவுக்கு வைத்தியசாலை கட்டினாலும், அழைப்பு வராவிட்டால் அங்கே வருவது செத்த விலங்குதான்.

தொகையைப் பார்ப்போம். எண்ணூறு குடும்பம், மாதம் நூறு ரூபா, அதாவது ஒரு பிளேன்டீயும் பணிசும், 80,000. மாதச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. எண்ணூறும் கட்டும் என்று நான் நம்பவில்லை; தொடக்க உற்சாகம் அடங்கியதும் ஐந்நூறு நின்றால் நல்லது. கொழும்பில் கடை வைத்திருக்கும், கடையில் நிற்கும் நம் பிள்ளைகளில் நூறு பேர் ஐந்நூறு வீதம் அனுப்பினால் இன்னொரு 50,000. வங்கிக்குப் போகத் தேவையில்லை, கைத்தொலைபேசியில் அனுப்ப லங்கா க்யூஆர் இருக்கிறது. வசூல் முறையில் மட்டும் ஒரு பிடிவாதம் வேண்டும்: செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், பிடித்தம் செய்யக்கூடாது. சுலபம்தான், ஆனால் தோட்ட அலுவலகம் வழியாக வந்தால் குழாயின் திருகு துரையின் கையில் இருக்கும், கேட்காமலே பிடித்தார்கள் என்று தொழிற்சங்கமும் சொல்லும். சம்பள நாளன்று கோயில் வாசலில், பற்றுச்சீட்டோடு வாங்குவோம். வரவுசெலவு அதே வாசலில் மாதாமாதம் ஒட்டப்பட வேண்டும். என் கையெழுத்து மோசம், வேறு யாராவது எழுதட்டும்.

இன்னும் குறைகிறது. இங்கேதான் கூட்டத்தில் யாரும் சொல்லாத ஒரு வழி எனக்குத் தோன்றியது. விலங்கைக் காட்டி டிக்கெட் விற்கக்கூடாது என்றேன். தெரிந்ததைச் சொல்லிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் தொடங்கி நுவரெலியாவரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், இருபத்திரண்டு கட்டங்களாகப் போகும் பெக்கோ நடைபாதை நோர்வூட்டையும் பொகவந்தலாவையையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நடப்பவர்கள் களைத்து வருகிறார்கள். தேநீரும் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கேட்கிறார்கள். நமது மண்டபத்தின் முன்னறையில் அது கிடைக்கட்டும். உள்ளே பொறுக்கிய கம்பிகளைத் தொங்கவிடுவோம். கூண்டிலுள்ள விலங்கைவிட நூறு கம்பிகள் தொங்கும் ஒரு சுவர் மனதில் அதிகம் நிற்கும். கொழும்புப் பாடசாலைகள் சுற்றுலா வருகின்றன. கட்டணத்துடன் அரை நாள் நடை, காலடித் தடம் பார்த்தல், ஒரு பாடம். மாதம் நான்கு குழு, குழுவுக்குப் பதினையாயிரம், 60,000. மழை மாதங்களில் ஒன்றும் வராது, அதையும் எழுதிவைத்திருக்கிறேன். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக்வரை சிவனொளிபாத மலைக் காலம். நல்லதண்ணி வழியே இலட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும்போது, அனுமதி பெற்று ஓர் உண்டியல் வைக்கலாம். அதை மழை மாதங்களுக்கான சேமிப்பாகத் தனியே பூட்டிவைப்போம்.

நம் பிள்ளைகளுக்குப் பாடம் இலவசம், அதில் பேச்சே இல்லை. கொழுந்துக்குப் போகும் அம்மாமார் தேயிலைச் செடிக்கு அடியில் சிறுத்தைக் குட்டியைக் காண்பது இங்கே அபூர்வமல்ல. பயத்திலோ பரிதாபத்திலோ தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தூக்காமல், அந்தப் பக்கத்து மலையை அன்றைக்கு விட்டுவிட்டு, ஆட்களை விலக்கினால் தாய் பெரும்பாலும் இரவில் வந்து குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். இதைச் சொல்லித் தெரியவைக்க ஒரு கோடி தேவையில்லை. மீட்கவே தேவைப்படாத குட்டி, நமது கணக்கில் மிக மலிவான குட்டி.

கூட்டினால் 80,000, 50,000, 60,000, ஆக 1,90,000. இரண்டு ஆளுக்குப் பதில் ஓர் ஆளோடு தொடங்கினால் செலவு 1,80,000. சந்தா ஐந்நூறு குடும்பத்தோடு நின்றுவிட்டால் இருபதாயிரம் துண்டு விழும். கம்பனியிடம் கூலி பேசுவது அந்த இடைவெளிக்காகத்தான், இரண்டாவது ஆளுக்காகவும். மானிய விண்ணப்பத்தைச் சந்தா ஆறு மாதம் ஓடிய பிறகு அனுப்புவோம். அப்போது "உங்கள் பங்கு எவ்வளவு" என்ற கேள்விக்குக் காட்ட ஐந்நூறு குடும்பத்தின் பற்றுச்சீட்டு அடிக்கட்டைகள் இருக்கும். அதுவரை சொந்த வண்டி இல்லை. லொறி வைத்திருக்கும் இரண்டு பேர் அவசரத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எண்ணெய் நமது.

ஆறு மாதத்தில் முந்நூறு குடும்பத்துக்குக் கீழே போனால் நான் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன். அப்போது மீட்பகம் என்ற சொல்லையே விட்டுவிட்டு, வேலியும் பாடமுமாக மட்டும் நடத்தலாம். டிக்கெட் கூண்டுக்கு மட்டும் திரும்பிப் போக மாட்டேன்.

அடுத்த கூட்டம் போயா தினத்தன்று பின்னேரம் நான்கு மணிக்கு. வருகிறவர்கள் தங்கள் லயத்தில் எத்தனை குடும்பம், அதில் எத்தனை பாத்திக்குப் பன்றித் தொல்லை, என்ற இரண்டு எண்களையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வரவும். தகரத்தின் விலையை நான் விசாரித்து வருகிறேன்.